கூரையில்லாத வண்டியில் அக்காவைப் பார்க்கப் போனவள்

கண்ணாடி மூடிய எந்த வண்டியில் ஏறினாலும் தையற்காரிக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். அதனாலேயே மலைக்கு அந்தப்புறம் வாழ்க்கைப்பட்ட கூடப்பிறந்த அக்காவை இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. அக்காவுக்குப் பேரன் பிறந்ததையும் புருஷன் போனதையும் போனில்தான் கேட்டாள். இப்போது இரண்டு நாளில் அக்காவுக்கு இதய ஆபரேஷன்.

"உன்ன ஒருதரம் பாத்துட்டா தெம்பாப் போய்ப் படுத்துருவேன்டி" என்றாள் அக்கா போனில்.

மகளைக் கட்டிய மாப்பிள்ளை தன் புதுக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சின்னக் கார்தான், வாங்கி இரண்டு மாதம், சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. உள்ளே பனிபோலக் குளிர்.

"தூங்கிட்டே போலாம் அத்தை. குலுங்கவே குலுங்காது."

அந்தப் புதுவாசனைதான் வினை. தெருமுனை தாண்டவில்லை, மாப்பிள்ளை வண்டியாயிற்றே என்ற கூச்சத்தில் கைப்பையைத் திறந்து அதிலேயே வாந்தியெடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

நடைபாதையில் உட்கார்ந்து அழுதவள் முன்னால் பக்கத்துக் கடை மெக்கானிக் தம்பி தன் பழைய பந்தயக் காரை நிறுத்தினான். இரண்டே சீட்டு, மாப்பிள்ளையைவிட வயதில் மூத்தது. அதன் கித்தான் கூரையை மூன்று தடவை தைத்துக் கொடுத்தவளே அவள்தான். ஊசி ஒடிந்ததுதான் மிச்சம், ஒருநாளும் ஏறியதில்லை.

"இந்தத் தகர டப்பாவா? நடு மலையில நின்னா என்னடா பண்ணுவ?"

"பின்னாலயே மாப்பிள்ளை வருவாரு, என் டூல்பெட்டிய ஏத்திக்கிட்டு. புதுக் கார் வேற எதுக்கு இருக்கு?"

"ஆகட்டும் மாமா, உங்க கிழட்டு வண்டிக்கு நான் எடுபிடி" என்று சிரித்தார் மாப்பிள்ளை.

தம்பி கூரையை மடித்துத் தள்ளினான். வண்டி அவள் எலும்பையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தது. வாயைப் பொத்தியபடி காத்திருந்தாள். தெருமுனை போயிற்று, பாலம் போயிற்று. வயிறு கம்மென்று கிடந்தது. மெல்லக் கையை எடுத்தாள்.

மலையில் மரக்கிளைகள் தலைக்குமேல் ஆறாக ஓடின. மேகமொன்று இறங்கிவந்து முகத்தை நனைத்துவிட்டுப் போயிற்று. தையல் மிஷினுக்கு எதிரே, ஜன்னலில் துண்டுத்துணி அகலம் தெரிந்த வானமா இது? அண்ணாந்தவள் கழுத்தை இறக்கவில்லை.

"டேய், இதெல்லாம் எப்பவும் இங்கதான் இருந்துச்சா?"

"இல்லக்கா, நேத்துதான் கொண்டாந்து மாட்டுனாங்க."

அது அவள் காதில் ஏறவேயில்லை.

வண்டி இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் பின்னாலிருந்து தண்ணீர்க் கேனும் டூல்பெட்டியும் இறங்கின. பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்தார்கள். வாசலில் கம்பு ஊன்றி நின்ற அக்கா, "யாருடி அது, தலை தொடப்பக்கட்டையாட்டம்?" என்றாள். தையற்காரி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள்.

தங்கை சொன்ன கைப்பைக் கதையையும் வானத்தையும் கேட்டுவிட்டு, அக்கா ஓட்டுபவன் பக்கத்திலிருந்த அந்த ஒற்றைச் சீட்டைத் தடவிப் பார்த்தாள்.

"தம்பி, இதுல யாரையும் ஏத்தாத. பொழச்சு வந்து நான் உக்காருறேன்."

"அப்ப நான்?" என்றாள் தையற்காரி.

"நீ புதுக் கார்ல வாடி. பையை மட்டும் பெருசா எடுத்துக்க."