தவசி பிரியாணி எங்கள் கிளை அல்ல

நம் ஊர்ப் பிரியாணிக் கடை போர்டுகளில் கடைப் பெயருக்கு அடுத்து 'எங்களுக்கு வேறு கிளைகள் இல்லை' என்று எழுதாவிட்டால் உரிமையாளருக்குத் தூக்கம் வராது.

போன மாதம் ஆரோக்கியம் அண்ணன் கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். முகப்பில் பிரியாணி படம் போடலாம் என்றேன்.

"அது கெடக்கட்டும். தவசி பிரியாணி நம்ம கிளை இல்லைன்னு போடு. தவசி பிரியாணிக்குப் போயி ஏமாறாதீங்கன்னு போடு. எல்லாப் பக்கத்துலயும் போடு" என்றார்.

போட்டேன்.

இன்று மதியம் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து காரில் ஒரு குடும்பம் வந்து இறங்கியது. காரை ஓட்டி வந்தவர் கல்லாவில் இருந்த அண்ணனிடம் கேட்டார்.

"ஏனுங்க, தவசி பிரியாணி இதுதானுங்களா? நெட்டுல தேடுனா உங்க அட்ரஸ்தான் மொதல்ல வந்துச்சுங்க."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் எனக்குப் புரையேறியது.

எழுந்து போய் மெதுவாகச் சொன்னேன்: "அண்ணே, தேடுற மெஷினுக்குத் திட்டுறதும் புகழுறதும் ஒண்ணுதான். பேரு எங்க அதிகமா இருக்குன்னுதான் பாக்கும். தவசி பேரை அவரைவிட நாமதான் அதிகமா எழுதிருக்கோம். இன்னைக்கே அழிச்சிர்றேன்."

அதற்குள் அந்தக் குடும்பம் உட்கார்ந்து, இலையும் விழுந்துவிட்டது. சுக்கா இருக்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணன் அவர்களைச் செத்த நேரம் பார்த்தார்.

"அழிக்காத அப்பு. இன்னும் கொஞ்சம் திட்டிப் போடு."

திட்டுவதற்கு நல்ல வார்த்தைகள் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். கெட்ட வார்த்தை வேண்டாம். குடும்பத்தோடு சாப்பிட வருகிற கடை.