கூடாரம் போடும் ஸ்தாமெனும் சும்மா வரும் சகலையும்

பிப்ரவரிப் பனி பால்கனிச் சுவரின் மேல் ஒரு விரல் உயரத்துக்கு உட்கார்ந்திருக்கிறது. ஸ்தாமென் அதற்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து, கூடாரத்தின் இரும்பு முளைகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சுத்தியால் தட்டி நேராக்கிக்கொண்டிருக்கிறார். கீழ்வீட்டம்மா துடைப்பக் கட்டையால் தன் கூரையை இடிக்கிறார். ஸ்தாமென் தலையை வெளியே நீட்டி, "கொஞ்சந்தான் பாக்கி, பொறுத்துக்கங்க. ஜூலைல காத்தடிச்சு முளை புடுங்கிக்கிச்சுன்னா நீங்களா வந்து பிடிச்சுக்குவீங்க?" என்கிறார். தட்டி முடித்த முளையைக் கண்ணருகே கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். திருப்தி இல்லையென்றால் இன்னொரு தட்டு.

பல்கேரியாவின் யாம்போல் ஊர் அடுக்குமாடிகளில் லிப்ட் பழுது பார்ப்பது அவருக்குத் தொழில். ஊரில் பாதிப் பேர் அவரை அன்போடு நினைத்ததெல்லாம் இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட நேரத்தில் மட்டும்தான். குட்டையான ஆள், கெட்டியான தோள்கள், எப்போதும் எதையோ அளந்துகொண்டிருக்கும் கண்கள். வருடம் முழுக்க இருட்டுக் குழிக்குள் தலையை விட்டுக்கொண்டிருப்பவருக்கு, கோடையில் இரண்டு வாரம் வானத்துக்குக் கீழே படுத்தே ஆகவேண்டும். மனைவி கெர்கானா, ஐந்து வயது மகள் பில்யானா, இரண்டு வயது மகன் காலோ, எல்லோரையும் பழைய காரில் ஏற்றிக்கொண்டு கருங்கடலுக்குப் போய்விடுவார். ஓட்டல் கிடையாது, அறை கிடையாது, யாருக்கும் வாடகை கிடையாது.

ஓட்டலைப் பற்றிய அவருடைய கருத்து அந்தத் தெரு முழுக்கத் தெரியும். "கையில பட்டையைக் கட்டிக்கிட்டு சாப்பாட்டுக்கு வரிசைல நிக்கணும்னா நான் ஆஸ்பத்திரிலேயே போய்ப் படுத்துக்குவேனே. அங்கேயும் அதேதான், கூட டாக்டர் வேற இருக்கார்." கையில் காசு இருந்தால் இந்த வசனம் வருமா என்று கெர்கானா ஒருமுறை கேட்டார். ஸ்தாமென் அன்று இன்னொரு முளையை எடுத்துத் தட்டினார்.

ஏப்ரலில் சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கூடாரத்தைக் கூடத்திலேயே நிறுத்துவார். ஒரு வாரம் குழந்தைகளுக்கு மத்தியானத் தூக்கம் அதற்குள்தான். கடற்கரையில் குழந்தை என்னவெல்லாம் செய்யப்போகிறதோ அதையெல்லாம் வீட்டில் ஒருமுறை செய்து பார்த்துவிட வேண்டும், புது இடத்தில் அழுவதற்கு ஒரு காரணமும் மிச்சம் வைக்கக்கூடாது என்பது அவர் சித்தாந்தம். காலோ குளிக்கும் பிளாஸ்டிக் தொட்டி அங்கே துணி அலசவும் ஆகும், தர்பூசணியைக் குளிரவைக்கவும் ஆகும். கூடாரக் கயிறுகள் குழந்தைகளின் காலைத் தட்டாமலிருக்க, கெர்கானாவின் பழைய சிவப்புப் பாவாடையைக் கிழித்து ஒவ்வொரு கயிற்றிலும் கட்டிவிட்டார். கெர்கானாவுக்கு அது பழைய பாவாடை இல்லை என்பது தனிக் கதை. காலோவின் சட்டை முதுகில், கை எட்டாத இடமாகப் பார்த்து, சந்தையில் வாங்கிய ஆட்டு மணி ஒன்றை ஊக்கில் மாட்டியிருப்பார். மணி ஓய்ந்தால் குழந்தை எதையோ வாயில் போடுகிறான் என்று அர்த்தம். பக்கத்துக் கூடாரத்தார் முதல் நாள் சிரிப்பார்கள், அப்புறம் மெதுவாக வந்து அந்த மணி எங்கே கிடைக்கும் என்று விசாரிப்பார்கள். அந்த விசாரிப்புக்காகவே ஸ்தாமென் மணி சத்தத்தைச் சகித்துக்கொள்கிறாரோ என்று தோன்றும்.

அந்தக் கரையில் எழுதி வைக்காத ஒரு சட்டம் உண்டு. கூடாரம் எங்கே நிற்கிறதோ அந்த இடம் அந்தக் குடும்பத்துக்கு. அதனால் ஸ்தாமென் ஜூனிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் போய், மேட்டில் ஓக் மரத்தடியில் ஓட்டைக் கூடாரம் ஒன்றை நிறுத்திவிட்டு வருவார். வாசலில் பிய்ந்த பூட்ஸ் ஒரு ஜோடி, கயிற்றில் ஒரு துண்டு. பார்க்கிறவர்கள் உள்ளே யாரோ தூங்குவதாக நினைத்து விலகிப் போவார்கள். அந்த இடம் சும்மா கிடைத்ததல்ல. ஒரு பகல் முழுக்க அங்கேயே ரொட்டியும் வெள்ளைச் சீஸும் தின்றபடி உட்கார்ந்து, நிழல் எப்படி எப்படி நகர்கிறது, குழந்தைகள் தூங்கும் நேரத்தில் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தது.

இத்தனையும் ஒருவருக்குத் தேவையே இல்லை. அவர்தான் ரோஸென். கெர்கானாவின் தங்கை நெவேனாவின் புருஷன், ஸ்தாமெனுக்குச் சகலை.

ரோஸென் டயர் கடையில் வேலை பார்க்கிறார். நல்ல உயரம், சுருட்டை முடி, வாய் நிறையச் சிரிப்பு. கடலுக்குப் போவதைப் போகிற அன்று காலையில்தான் முடிவு செய்வார். காரின் பின்பக்கத்தில் நான்கு தர்பூசணி, ஒரு போர்வை, கம்பி குறைந்த கூடாரம், தன் மகன். வந்து இறங்கியதும் முதல் வார்த்தை, "சகலை, ரெண்டு முளை இருந்தா குடுங்க." பனியில் விரல் மரத்துத் தட்டிய முளைகள் அப்படித்தான் கைமாறும். போன வருடம் ஸ்தாமெனுக்கு இரண்டு நாள் பின்னால்தான் வந்தார். இடமில்லாமல் திண்டாடுவார் என்று ஸ்தாமென் எதிர்பார்த்தார், கொஞ்சம் ஆசையோடு என்றுகூடச் சொல்லலாம். அந்த நேரம் பார்த்து ஊருக்குக் கிளம்பிய ஒரு ப்ளோவ்திவ் நகரத்துக் குடும்பம் தங்கள் இடத்தை அவருக்கே விட்டுவிட்டுப் போனது. சும்மா இல்லை, மேஜையும், மரங்களுக்கு நடுவே கட்டிப் படுத்தாடும் வலைத்தொட்டிலும் சேர்த்து. கடலைப் பார்த்த இடம். அன்றைக்கு ஸ்தாமெனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலைத்தொட்டில் ஆடும்போதெல்லாம் அவருக்கு வயிறு எரிந்தது.

சகலை கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகப் பொறாமைப்பட்டுத் தொலைக்கலாம். ரோஸென் நல்ல மனுஷன் வேறு. "எங்க சகலை மாதிரி ஏற்பாடு பண்ண பல்கேரியாலயே ஆள் கிடையாது" என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொல்லுவார். அதைக் கேட்டாலும் ஸ்தாமெனுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன கோடையில் ஓர் அலை பில்யானாவைப் புரட்டிப் போட்டுவிட்டது. மூக்கிலும் வாயிலும் உப்புத்தண்ணீர். அதற்கப்புறம் கணுக்காலுக்கு மேல் கடல் ஏறவிடவில்லை அவள். அந்தக் குளிர்காலம் முழுக்க ஸ்தாமென் வேலை முடிந்து வந்து, கிரீஸ் கையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, குளியல் தொட்டியில் அவளை மல்லாத்தி, முதுகுக்குக் கீழே உள்ளங்கையைக் கொடுத்துப் பழக்கினார். காதைத் தண்ணீரில் வை, வயிற்றை உப்பி மேலே தூக்கு, கூரையைப் பார். முளை, கயிறு, தார்ப்பாய் எல்லாம் அந்த வருடம் அவருக்கு இரண்டாம்பட்சம். அவள் முதல்தடவை கடலில் மிதக்கும்போது கீழே இருப்பது தன் கையாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் வேண்டும். கெர்கானாவிடம் இதைச் சொன்னார். அது ரோஸெனின் கையாக இருந்துவிடக்கூடாது என்ற இரண்டாம் பாதியை மட்டும் விழுங்கிவிட்டார். விழுங்கியது எது என்று கெர்கானாவுக்குத் தெரியும்.

ஜூலையில் போனார்கள். முதல் இரண்டு நாளும் பில்யானா அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழங்கால் ஆழம் வரை வந்தாள். பிடி தளரவில்லை. "நாளைக்கு" என்றாள். ஸ்தாமென் அவசரப்படுத்தவில்லை. மூன்றாம் நாள் மேட்டுக்கு அந்தப் பக்கம் கார் ஹார்ன் கேட்டது. பில்யானா "சித்தப்பா" என்று கத்திக்கொண்டு வெறுங்காலோடு ஓடினாள். முட்கள் நிறைந்த பாதை அது. அப்பாவோடு வரும்போது தூக்கச் சொல்லுவாள்.

அந்தக் கரையில் குடிதண்ணீர் கிடையாது. மேலே காட்டுச் சாலையோரம் ஓர் ஊற்றுக்குழாய் இருக்கிறது, கேன்களை அங்கேதான் நிரப்பவேண்டும், ஆண்கள் முறை வைத்துப் போவது வழக்கம். போன வருடம் ரோஸென் தன் முறைக்குப் போய், தண்ணீரோடு ஒரு பாட்டில் தேனும் கொண்டுவந்தார். வரிசையில் நின்ற தேனீக்காரர் ஒருவர் சும்மா கொடுத்தாராம். அக்காளும் தங்கையும் அந்தத் தேனைப் பற்றி ஒரு வாரம் பேசினார்கள். இந்த முறை ஸ்தாமென் முந்திக்கொண்டார். தண்ணீர் இனிமேல் தன் பொறுப்பு, தினமும் தானே போகிறேன் என்று அறிவித்துவிட்டார். ரோஸென் எவ்வளவோ மறுத்தும் கேட்கவில்லை.

கெர்கானா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "தண்ணிக்கு அவர் போகட்டும். காலையிலதான் அலை இல்லாம இருக்கு. நீ பில்யானாவோட கடல்ல இறங்கு. அதுக்குத்தானே வந்தே?"

"அவன் கேனைக் கழுவாம பிடிச்சுட்டு வருவான். காலோ வயித்துக்கு ஆகாது."

"காலோ வயித்துக்கா, உன் வயித்துக்கா?"

ஸ்தாமென் கேன்களை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அன்று ஊற்றுக்குழாயில் கூட்டம். ஸோஃபியாக்காரர் ஒருவர் சின்னச் சின்னப் பாட்டில்களாக ஒரு கூடை நிறைய வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து நிரப்பிக்கொண்டிருந்தார். ஸ்தாமென் அவரைத் திட்டவும் முடியவில்லை. தன்னைப் போன்ற ஆள் என்று அவருக்கே தெரிந்தது. ஒருவழியாகக் கேன்கள் நிரம்பி, இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மேட்டின் விளிம்புக்கு வந்தபோது கீழே கடல் பளிங்காகக் கிடந்தது.

ரோஸென் தண்ணீரில் மல்லாந்து மிதந்துகொண்டிருந்தார். வயிற்றின் மேல் தர்பூசணித் தோல், அதை ஒரு கப்பலாக வைத்துக்கொண்டு வாயால் ஊதினார். அவருக்குப் பக்கத்தில் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கிய பில்யானா, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலையைச் சாய்த்தாள். காதுகள் தண்ணீருக்குள் போயின. வயிறு மேலே வந்தது. ரோஸென் சட்டென்று எழுந்து நின்றார். அவளைத் தொடவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, கரையைப் பார்த்து, "பாருங்க எல்லாரும், நான் தொடவே இல்லை" என்றார்.

ஸ்தாமென் கேன்களைக் கீழே வைத்தார். ஒன்று சரிந்து, மூடி கழன்று, தண்ணீர் பாதையில் ஓடியது. அவர் அதை நிமிர்த்தவில்லை. மகள் மிதக்கிறாள், அவருடைய மகள். சந்தோஷப்படத்தான் வேண்டும். ஆனால் மேலே தூக்கியிருந்த அந்த இரண்டு கைகளைத் தவிர அவர் கண்ணுக்கு வேறெதுவும் தெரியவில்லை. ஒன்றும் செய்யாத கைகள். அவற்றின் மேல் அவருக்கு வந்த பொறாமை வலைத்தொட்டிலின் மேல் வந்தது மாதிரி இல்லை. கண்ணைக் கரித்தது.

காலியான கேனைத் தூக்கிக்கொண்டு கரைக்கு இறங்கி வந்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "தண்ணி கொட்டிப் போச்சு."

ரோஸென் உடம்பில் நீர் சொட்டச் சொட்ட ஓடி வந்தார். "சகலை, நான் ஒண்ணும் சொல்லிக்கொடுக்கலை. அவளே காதை உள்ள வெச்சா, அவளே வயித்தைத் தூக்கினா. எங்கேயோ நல்லாக் கத்துக்கிட்டு வந்திருக்கா." அப்படியே கேனை வாங்கிக்கொண்டு தான் போய் நிரப்பிவருவதாகவும் சொன்னார். ஸ்தாமென் கேனை விடவில்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்று சொல்லவும் இல்லை. சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயம். "நீ உட்காரு" என்றார்.

கெர்கானா காலோவை இடுப்பில் மாற்றிக்கொண்டு, கணவரின் கையிலிருந்த கேனை மெதுவாக வாங்கி மணலில் வைத்தார்.

பில்யானா வந்து அவர் விரலைப் பிடித்து இழுத்தாள். பல் கிடுகிடுவென்று அடித்தது. "அப்பா, நீ பாக்கவே இல்லை. வா, காட்டறேன்."

"பாக்கலையே" என்றார் ஸ்தாமென். வழக்கமாக அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

பேண்ட்டைக்கூட மடிக்காமல், அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இறங்கினார். இடுப்பளவு ஆழத்தில் அவள் நிற்கச் சொன்ன இடத்தில் நின்றார். பில்யானா அவர் தோளிலிருந்து இறங்கி, கண்களை இறுக மூடி, சாய்ந்தாள். கைகளை விரித்துக்கொண்டு மிதந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கரையில் ரோஸென், நெவேனா, பக்கத்துக் கூடாரத்தார் என்று எல்லோரும் வரிசையாக நின்று, கைதட்டத் தயாராக இருந்தார்கள்.

"எல்லாரும் பாக்கறாங்களா?" கண்ணைத் திறக்காமலே கேட்டாள். "சித்தப்பா பாக்கறாரா?"

"பாக்கறார்" என்று சொல்லிக்கொண்டே, ஸ்தாமென் தண்ணீருக்குள் ஓர் எட்டு நகர்ந்து, முழங்கைகளை அகட்டி வைத்து, மகளுக்கும் கரைக்கும் நடுவில் நின்றுகொண்டார்.