பலகையில் இல்லாத முகவரி

புது அடுப்பின் மேல் கிடந்த ரொட்டித் தட்டில் றுஸ்னா ரசமட்டத்தை வைத்தாள். குமிழ் கடற்கரைப் பக்கம் ஒதுங்கியது. வாப்பா முகைதீன்பாவா தட்டின் மூலைக்கு அடியில் ஓட்டுத்துண்டு ஒன்றைச் செருகினார். குமிழ் நடுவுக்கு வந்தது. அவர் அதை நம்பவில்லை. ஒரு கரண்டி எண்ணெய் ஊற்றிப் பார்த்தார். அது எந்தப் பக்கமும் ஓடவில்லை.

“உன்ட குழாயும் உண்மதான் சொல்லுது,” என்றார்.

அது செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு எழும்பியவர் கிணற்றடியில் சரிந்தார். ஜும்ஆ முடிந்து அடக்கினார்கள்.

முப்பத்திரண்டு வருடமாகக் கல்முனையில் சோறும் கொத்துரொட்டியும் விற்ற கடை. பலகையில் ‘ஸைனம்பு ஹோட்டல்’ என்று உம்மாவின் பெயர் மட்டும் இருக்கும். முகவரி எழுத வாப்பா விடமாட்டார். காரணம், மூன்று பெண்பிள்ளைகள். ஊர் வழக்கப்படி கல்யாணம் முடிந்தால் வீடு மகளுக்கு. பெற்றவர்கள் வேறு வீடு பார்க்க வேண்டும். கடையோ எப்போதும் வீட்டின் முன்பக்கம். மூத்தவள் நதீராவின் கல்யாணம் முடிந்த கையோடு தட்டையும் பலகையையும் லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றினார். கடை இங்கேயே இருக்கட்டும் என்று மருமகன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

“குமருக்குக் குடுத்த வீட்டில நான் அடுப்பு மூட்டினா, அது குடுத்த மாதிரியா?”

அடுத்த கிழமை, பெரியநீலாவணை மீன்காரர் ஒருவர் பழைய நினைவில் நதீராவின் விறாந்தையில் உட்கார்ந்து இஞ்சித் தேத்தண்ணி கேட்டார். புதுமாப்பிள்ளையே ஊற்றிக் கொடுத்து, புதுக் கடை வரை கூட்டிப்போய் விட்டார். இரண்டாவது மகள் அப்ராவின் கல்யாணத்தோடு மறுபடியும் அதே கூத்து. ஆட்கள் பின்னாலேயே வந்தார்கள். ஸைனம்புவின் மீன் ஆணம் கொதிக்கும் இடம்தான் அவர்களுக்குக் கடை.

போன வருடம் றுஸ்னாவின் முறை. வாப்பாவுக்கு அறுபத்தெட்டு. போவதற்கு வேறு வீடோ வளவோ இல்லை. கடையை மூடிவிடலாம் என்று தட்டைத் துடைத்தபடி சொன்னார். றுஸ்னாவின் முகத்தை அவர் பார்க்கவில்லை.

றுஸ்னா கட்டடப் பொறியியலாளர். இரண்டு நாள் வளவை அளந்தாள். மாப்பிள்ளை ஹிஷாமின் உம்மா பேச வந்த அன்று வரைபடத்தை விரித்தாள். பின்னாலுள்ள வீடு தனக்கு. முன்னால் ஆறு பேர்ச் நிலமும் கடையும், அதை ஒட்டிய அறையும் உம்மா பெயரில் தனிக் காணி உறுதி.

“அப்ப வீட்டுக்கு எதால மகள் போற?”

“பக்கத்தால எட்டடிப் பாதை விட்டிருக்கன் மாமி. லேண்ட்மாஸ்டரும் போகும்.”

மாமி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அப்ப ஆணத்துக்கு நான் தூரம் போகத் தேவல்ல.”

வாப்பா எழுந்து கிணற்றடிக்குப் போய் இரண்டு தரம் முகம் கழுவினார். உறுதி முடிந்து, கல்யாணமும் முடிந்தது. அதன் பிறகு, எந்த இடத்திலும் நிலையாக அடுப்புக் கட்டாத மனிதர் செங்கல்லில் அந்தப் புது அடுப்பைக் கட்டினார். பலகையைக் கழற்றி, பெயர் எழுதும் டனிஸ்டனிடம் கொண்டுபோனார்.

வாப்பாவை அடக்கிய நாலாம் நாள் கடை திறந்தது. கணவன் இறந்த பெண் இருக்கும் இத்தாவில் உம்மா இருக்கிறார். நாலு மாதமும் பத்து நாளும் வளவை விட்டு வெளியே இறங்க முடியாது. அடுப்பு அவர் வளவில்தான். அதனால் ஆணம் நிற்கத் தேவையில்லை. பகல் ஒரு மணிக்கு உட்கார இடமில்லை.

அன்று பின்னேரம் டனிஸ்டன் றுஸ்னாவுக்குப் போன் எடுத்தார்.

“தெருப்பேர் எழுதிட்டன் தங்கச்சி. வீட்டு இலக்கம் கொண்டுவாறன் எண்டு முகைதீன்பாவா காக்கா போனவர். அந்த இடத்த மட்டும் வெறுமையா விட்டிருக்கன்.”

வாப்பாவின் சட்டைப் பையில் வீட்டு வரித்துண்டு நாலாக மடித்துக் கிடந்தது. இலக்கத்தைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார்.