தம்பியின் பால்மா

எனக்கு ஒன்பது வயதானபோது தம்பி பிறப்பதாக இருந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அப்பா மூன்றாம் நாள் தனியே திரும்பி வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் கதவடியிலேயே நின்று, "தம்பி இப்ப வரேல்லை, பிள்ளை" என்றார். இப்போது வரவில்லை என்றால் பிறகு வருவான். எனக்கு அது தெளிவாகவே விளங்கியது.

சென் ஜேம்ஸ் ரவுண் என்ற பகுதியில் பழைய கட்டடமொன்றின் பதினெட்டாம் மாடியில் அப்போது இருந்தோம். அந்த மூன்று நாளும் என்னை எதிர்வீட்டுக்காரர் வைத்துப் பார்த்தார். அவர் பிலிப்பைன்ஸ்காரர். அவர்களுடைய மொழியில் அன்ரிக்குத் தீத்தா என்று சொல்வார்களாம். எனக்கும் அவர் தீத்தாதான். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்த அவர், லீவு நாட்களில் பஸ்தில்யாஸ் என்ற பாலினிப்பைச் செய்து தங்கள் ஆட்களின் கடைக்குக் கொடுப்பார். அதற்கு அடுப்பே தேவையில்லை. ரின்பால் என்ற இனிப்புக் கட்டிப்பாலில் பால்மாவைக் கொட்டிப் பிசைந்து, சுண்டுவிரல் அளவுக்கு உருட்டி, சீனியில் புரட்டிக் கடதாசியில் சுற்றினால் முடிந்தது. ஊரில் வெள்ளையாகத்தான் செய்வார்களாம். இங்கே பிறந்த பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள் என்று தீத்தா பச்சைத் தேயிலைத் தூளும் கலப்பார். கடதாசி சுற்றுவது என் வேலை. அவர் எனக்குச் சொல்லித்தந்த விதி ஒன்றே ஒன்றுதான்: கையில் ஒட்டினால் இன்னும் கொஞ்சம் மா போடு.

தம்பி வயிற்றில் இருந்த முதல் மாதங்களில் அம்மா எதைச் சாப்பிட்டாலும் சத்தி எடுத்தார். சோறு, புட்டு, கடைசியில் பச்சைத் தண்ணீர்கூட நிற்கவில்லை. தீத்தா கொடுத்த அந்தப் பச்சை இனிப்பு மட்டும் நின்றது. "உந்தக் கைப்புத்தான் எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அம்மா கட்டிலில் இருந்தபடி ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாப்பிட்டது எனக்கு நல்ல ஞாபகம்.

அப்பா தனியே வந்த அன்றைக்கே தொட்டிலைக் கழற்றினார். சின்னச் சட்டைகள், நப்பிப் பெட்டிகள், தலையணை எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் அடைத்துக் கீழே கொண்டுபோனார். நான் லிஃப்ற் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா வருவதற்கு முன்னம் எல்லாம் போய்விட வேண்டும் என்றார். வீட்டில் இடம் காணாது என்பதற்காகத்தான் என்று நினைத்து, என்னுடைய பழைய கரடிப் பொம்மையையும் ஒரு பைக்குள் போட்டேன். அவர் அதை வெளியே எடுத்து என் கையில் தந்தார்.

அடுத்த நாள் அம்மா வந்தார். வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அம்மாவிடம் ஒன்றும் கேட்கக்கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். ஒருநாள் அவர் முழு முட்டைக்கோவா ஒன்று வாங்கிவந்து, இலைகளைப் பிரித்துக் குளிர்ப்பெட்டியில் அடுக்கி, இரண்டிரண்டாக அம்மாவின் அறைக்குக் கொண்டுபோனார். நான் சோற்றுக்குக் கோவா வறை வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. குடிக்கப் பிள்ளை இல்லாமல் கட்டிப்போன பாலை வற்றச்செய்ய மார்பில் அந்த இலைகளை வைப்பார்கள் என்று, இருபது வயது கடந்தபிறகு யாரோ சொல்லித்தான் அறிந்தேன்.

இரண்டு கிழமையில் அப்பா திரும்பவும் வேலைக்குப் போனார். மிசிசாகாவில் விமான நிலையத்துச் சரக்குப் பகுதியில் வேலை. அம்மாவுக்கு அவர் வைத்துவிட்டுப் போகும் சாப்பாடு அப்படியே இருக்கும். இப்படியே போனால் அம்மா செத்துவிடுவார் என்று எனக்குப் பயம் வந்தது. அப்போதுதான் அந்தப் பச்சை இனிப்பின் நினைவு வந்தது.

அது ஒரு சனிக்கிழமை. தீத்தாவும் வேலைக்குப் போயிருந்தார். முன்னொரு தரம் அவர் தந்த தேயிலைத் தூள் சின்னப் பையொன்றில் மிச்சமிருந்தது. ரின்பாலும் இருந்தது. தேத்தண்ணிக்குப் போடும் பால்மா மட்டும் முடிந்துபோயிருந்தது. குசினி முழுவதும் தேடினேன். அரிசி வாளிக்குப் பின்னால், உடைக்காத பெரிய ரின் ஒன்று இருந்தது. மூடியில் ஒரு குழந்தையின் படம். மலிவு விலையில் கிடைத்ததென்று அப்பா முன்பு வாங்கிவந்தது அது. என்னுடைய பால் இருக்கும்போது இது எதற்கு என்று அம்மா கோபித்து அங்கே தள்ளிவைத்ததை நானே பார்த்திருந்தேன். அப்பாவின் கறுப்புப் பைகளுக்கு அது தப்பிவிட்டது.

அந்த மா வேறு மாதிரி. பிசையப் பிசைய எண்ணெய் கசிந்து கையில் ஒட்டியது. நான் தீத்தாவின் விதிப்படி இன்னும் கொஞ்சம் போட்டேன். பிறகும் ஒட்டியது. பிறகும் போட்டேன். ரின்னில் பாதி போனபிறகு ஒருமாதிரி உருட்டக்கூடிய பதம் வந்தது. பன்னிரண்டு உருண்டைகளைச் சீனியில் புரட்டிக் கோப்பையில் வைத்து அம்மாவிடம் கொண்டுபோனேன்.

"அம்மா, சாப்பிடுங்கோ. நான் செய்தது."

அம்மா திரும்பிப் பார்த்தார். மெல்ல எழும்பி இருந்தார். ஒன்றை எடுத்து வாயில் போட்டார். அவர் விழுங்குகிறாரா என்று தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். விழுங்கினார். இரண்டாவதையும் எடுத்துக் கடித்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"பால்மா முடிஞ்சதெல்லோ? தீத்தா தந்தவவோ?"

"இல்லை. தம்பின்ரை ரின்னிலை எடுத்தனான்."

அம்மாவின் கை அப்படியே நின்றது. ஏதோ பிழை செய்துவிட்டேன் என்று எனக்குப் பட்டது. "அவர் வரேக்கை அப்பா வேறை வாங்குவார்தானே" என்று அவசரமாகச் சொன்னேன்.

"ஆர் வரேக்கை?"

"தம்பி."

அம்மா கட்டிலிலிருந்து இறங்கினார். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிக்குப் போனார். ரின்னை எடுத்துக்கொண்டு நிலத்தில் இருந்து, அதற்குள் முகத்தை வைத்து மணந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, என் ஒட்டும் விரல்களைத் தன் சட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"தம்பி வரமாட்டார், பிள்ளை. அவர் செத்துப்போனார். வயித்துக்குள்ளையே செத்துப்போனார்."

அம்மா அழவில்லை. பள்ளிக்கூடப் பாடம் சொல்லித்தருவதுபோலச் சொன்னார்.

"அப்ப இப்ப எங்கை இருக்கிறார்?"

அம்மா என்னைப் பார்த்தார். "எனக்குத் தெரியாது" என்றார்.

அதன்பிறகு அவர் போய்ப் படுக்கவில்லை. பின்னேரம் அப்பா வரும்வரை அந்த நிலத்திலேயே இருந்தார். அப்பா உள்ளே வந்து ரின்னைக் கண்டதும் முகம் மாறியது.

"உது எங்கையிருந்து வந்தது? நான் எல்லாத்தையும் எடுத்தனானே." என் பக்கம் திரும்பினார். "உம்மட்டை என்ன சொன்னனான்?"

"பிள்ளையை ஏசாதேங்கோ" என்றார் அம்மா. "எங்கை வைச்சனீங்கள்?"

"என்னத்தை?"

"என்ரை பிள்ளையை."

அப்பா சாப்பாட்டுப் பையைத் தோளில் இருந்து இறக்காமலே அம்மாவுக்கு முன்னால் குந்தினார். "நீர் தாங்கமாட்டீர் எண்டுதான்…"

"நான் கேட்டது எங்கை எண்டு."

நகரத்துக்கு வடக்கே ஒரு மயானம் என்றார். சிநேகிதர் ஒருவருடன் போனாராம். பெட்டி இவ்வளவுதான் என்று கைகளை அகட்டிக் காட்டத் தொடங்கி, பாதியில் மடியில் விட்டுவிட்டார்.

"தொப்பி போட்டுவிட்டனீங்களோ? குளிர் நாளெல்லோ."

"ஓம். நீர் பின்னின தொப்பிதான். மஞ்சள்."

அதைக் கேட்டு அம்மா தலையாட்டினார். அப்பாதான் அழுதார். அப்பா அழுவதை நான் அதற்குமுன் கண்டதில்லை. ரின்னை வீணாக்கிவிட்டேன் என்றுதான் அழுகிறார் என்று நினைத்து, "சொறி அப்பா, சொறி அப்பா" என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே நின்றேன். ஒருவரும் என்னைத் திருத்தவில்லை.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை மூவரும் காரில் போனோம். ஏப்ரல் மாதம். பனி பாதி உருகிச் சேறாகிக் கிடந்தது. பெரிய கல்லறைகளைக் கடந்து, வேலியோரம் ஒரு மூலைக்கு அப்பா எங்களைக் கூட்டிப்போனார். அங்கே கல்லறைகள் எல்லாமே சின்னவை. காற்றாடிகள் குத்தியிருந்தன. கரடிப் பொம்மைகள், விளையாட்டுக் கார்கள், நிறம் மங்கிய பலூன் ஒன்று. தம்பியின் இடத்தில் இலக்கம் எழுதிய ஒரு தடி மட்டும் நின்றது. அம்மா குந்தியிருந்து, கையுறையைக் கழற்றிவிட்டுச் சேற்றில் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவேயில்லை.

நான் சுற்றிவரப் பார்த்தேன். காற்றடித்ததும் காற்றாடிகள் எல்லாம் ஒன்றாகச் சுழன்றன. எனக்கு அந்த இடம் பிடித்துப்போனது.

"அம்மா, இஞ்சை தம்பியோடை விளையாட எத்தினை பேர் இருக்கினம்!" என்றேன்.

அம்மாவின் தோள்கள் குலுங்கத் தொடங்கின. முகத்தை அப்பாவின் ஜக்கற்றுக்குள் புதைத்துக்கொண்டு, சத்தமே வராமல், நெடுநேரம் குலுங்கினார். அப்பா அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. கார் வரைக்கும் சேற்றில் துள்ளிக்கொண்டு போனேன்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில், சனி ஞாயிறு என்ன செய்தாய் என்று ரீச்சர் கேட்டார். நான் எங்கள் அம்மாவைச் சிரிக்கவைத்தேன் என்று சொன்னேன்.