வலது ஓரத்து ஆள்

கம்பெனியில் அவரைக் கிரேக்கத்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பத்திரண்டு வருடமாக லிஃப்ட் ரிப்பேர் பார்க்கிறவர், மெக்கானிக்குகளில் மூத்தவர், சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறவர். இத்தனை இருந்தும் அவருக்குப் பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்தது ஒரு சாப்பாட்டு டப்பாவின் மூடி. மதியம் சாப்பிட்டு முடித்ததும் அதை இடக்கையில் பிடித்துக்கொண்டு, "அந்தக் காலத்துல கிரேக்கச் சிப்பாய் எப்படி நின்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவார். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். பழைய ஆட்கள் கை கழுவுகிற சாக்கில் நழுவிவிடுவார்கள்.

படித்துத் தெரிந்துகொண்டது ஒன்றுமில்லை, எல்லாம் படத்தில் பார்த்ததுதான். கிரேக்க வீரர்கள் வருகிற சரித்திரப் படம் எது வந்தாலும் மனிதர் விடமாட்டார். தமிழ் டப்பிங்கில் எதிரி நாட்டுத் தூதன் "அடேய் அற்பப் பதரே!" என்று கர்ஜிப்பான், அவன் உதடு மூடின பிறகும் வசனம் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். அதையெல்லாம் அவர் சட்டை செய்ததில்லை. தேசப்படத்தில் கிரேக்கத்தைக் காட்டச் சொன்னால் அவர் விரல் இத்தாலியில் போய் நிற்கும், அதற்காகவும் வெட்கப்பட்டதில்லை. ராஜா, ராணி, குதிரை, காதல் எதுவும் அவருக்கு வேண்டாம். வீரர்கள் தோளோடு தோள் ஒட்டி வரிசை கட்டுகிற அந்த ஒரு காட்சிக்காகத்தான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருப்பார்.

"கேடயம் இடக்கையில இருக்கும். பாதி நம்மளை மறைக்கும், மீதிப் பாதி இடப்பக்கம் நிக்கிறவனை மறைக்கும். அப்ப நம்ம வலப்பக்கத்தை யாரு பார்த்துக்கறது? நமக்கு வலப்பக்கம் நிக்கிறவன். இப்படியே போனா வலது ஓரத்துல கடைசியா ஒருத்தன் நிப்பான் பாரு, அவனை மறைக்க ஆளே கிடையாது. அதனாலதான் இருக்கிறதுலயே நல்ல வீரனை அங்க நிறுத்துவாங்க." இதை அவர் சொல்லிக் கேட்காதவர்கள் கம்பெனியில் யாரும் இல்லை. சிலர் பத்துத் தடவை கேட்டிருப்பார்கள், பாவம்.

வீட்டில் இது விளையாட்டாகவே ஆகிவிட்டது. வீடு என்றால் இரண்டு வீடு. அவரும் மனைவியும் ஒரு தெருவில். அடுத்த தெருவில் மூன்றாவது மாடியில் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே பெண். அவருக்குப் பிள்ளை கிடையாது, ஆகவே தம்பி மகள்தான் எல்லாம். பிறந்தநாளோ கல்யாண நாளோ பரீட்சையில் பாஸானதோ, எந்த விசேஷமானாலும் கேக் வெட்டிச் சாப்பிட்டுவிட்டு ஜன்னல் திரையை இறக்கிவிட்டு ஒரு கிரேக்கப் படம் போட்டாக வேண்டும். வரிசை கட்டுகிற காட்சி வந்ததும் ஐந்து பேரும் சமையலறை மூடிகளைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். வலது ஓரத்தில் பெரிய அண்டா மூடியோடு அவர். அடுத்தது தம்பி, அப்புறம் தம்பி மனைவி, அப்புறம் அவர் மனைவி. இடது ஓரத்தில் தம்பி மகள், ஒட்டடைக் குச்சியை ஈட்டி என்று சொல்லிக்கொண்டு நிற்பாள். இடம் மாறி நின்றால் ஒத்துக்கொள்ளமாட்டார். "இது என்ன, பஸ் வரிசையா?" என்பார்.

அப்பா போனபோது தம்பிக்கு ஆறு வயது. அன்றிலிருந்து அவனை வளர்த்தவர் அவர்தான். தொழில் கற்றுக்கொடுத்துத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டதும் அவர்தான். பெரும்பாலும் இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போவார்கள். கோளாறு வந்தது அந்த ஒற்றுமையில்தான்.

லிஃப்டில் கை வைப்பதற்கு முன்னால் மெயின் ஸ்விட்சை அணைத்து, யாரும் மறுபடி போட முடியாதபடி அதற்கு ஒரு பூட்டுப் போட வேண்டும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. அவரவர் சாவி அவரவர் பையில் இருக்கும். தன் பூட்டைத் தானே வந்து எடுத்தால்தான் கரண்ட் வரும். மற்றவர்களுக்கு இதைக் கண்டிப்போடு சொல்லிக்கொடுத்த கிரேக்கத்தார், தம்பியோடு போகும்போது மட்டும் ஒரே பூட்டுதான் போடுவார். "ஒரே வீட்டுக்கு எதுக்குடா ரெண்டு பூட்டு?" என்பார். தம்பியும் சிரிப்பான். பதினாலு வருடம் இப்படியே சிரித்தார்கள்.

மூன்று மாதத்துக்கு முன்னால், அவருடைய கல்யாண நாளன்று, ஒரு ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை. சாயங்காலம் படம் பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் அவசரம். தம்பி லிஃப்டுக்கு அடியில் உள்ள குழியில் வேலையை முடித்து, வெளியே வந்து, பையைக் கட்டி வைத்தான். வேலை நடக்கிறது என்று வாசலில் வைத்திருந்த தடுப்பையும் மடித்து வைத்தான். அப்போதுதான் டார்ச்சைக் குழியிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து மறுபடி இறங்கினான். லிஃப்ட் கதவு தானாக மூடிக்கொண்டது. மேல் மாடியிலிருந்து இறங்கி வந்த கிரேக்கத்தார் பையைப் பார்த்தார், மடித்த தடுப்பைப் பார்த்தார். தம்பி டீ குடிக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டார். கதவைத் திறந்து ஒரு தடவை குனிந்து பார்த்திருக்கலாம். ஒரு குரல் கொடுத்திருக்கலாம். பூட்டைத் திறந்து ஸ்விட்சைப் போட்டார். மேலே யாரோ பொத்தானை அமுக்கினார்கள்.

கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவில் தம்பியின் இடக்கை. இரண்டு விரல் போய்விட்டது. கட்டைவிரல் இருந்தும் மடங்காது.

ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் தம்பி முதலில் மேனேஜரிடம்தான் பேசினான். தானே பூட்டை எடுத்து ஸ்விட்சைப் போட்டதாகவும், பிறகு டார்ச் ஞாபகம் வந்து அப்படியே குழியில் இறங்கிவிட்டதாகவும் சொல்லிவிட்டான். எல்லாரும் வெளியே போனதும் அண்ணனைப் பக்கத்தில் கூப்பிட்டான்.

"நீ வாயத் திறக்காதே. நான் சொன்னது சொன்னதுதான்."

"டேய், அது…"

"உனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. என் கைதான் போயிடுச்சே. உன் பேரும் போகணுமா?"

அப்போதே மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. இதில் தம்பியின் பெருந்தன்மை பாதி, அண்ணனின் பயம் பாதி. எதற்குப் பயந்தார் என்றால், உத்தியோகத்துக்குக் கொஞ்சம்தான். அந்த மூன்றாவது மாடிக் கதவு தனக்கு மூடிவிடுமே என்றுதான் அதிகம் பயந்தார்.

கதவு மூடவில்லை. தினமும் காலையில் போய் உட்கார்ந்தார். தம்பி மனைவி டீ கொடுத்தாள். தையல் யூனிட்டில் சூப்பர்வைசர் அவள், இரண்டு நிமிடம் பிந்தினாலும் பிரச்சினை. அந்த ஓட்டத்தில் கணவனுக்கு உடுப்புப் போட்டுவிட்டு, சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, போகிற போக்கில் வாயில் வந்ததைச் சொல்லுவாள். "சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும், கரண்டை அணைக்காம கை வைக்கக் கூடாதுன்னு. மாமாகிட்ட இத்தனை வருஷம் என்னத்தைக் கத்துக்கிட்டீங்க?" தம்பி ஒன்றும் சொல்லமாட்டான். அவள் மாமா என்கிற கிரேக்கத்தாரும் ஒன்றும் சொல்லமாட்டார். டீயை மட்டும் குடித்து முடிப்பார்.

இப்போது விசாரணை முடிகிற கட்டம். திங்கட்கிழமை மூத்த மெக்கானிக் என்ற முறையில் கிரேக்கத்தார் எழுத்தில் சாட்சி கொடுக்க வேண்டும். "அவருடைய கவனக்குறைவே காரணம்" என்று எழுதிக் கொடுத்தால் தம்பியின் லைசென்ஸ் ரத்து. அவன் இனி எந்த லிஃப்டிலும் கை வைக்க முடியாது. அதைத் தன் கையாலேயே எழுதி, கையெழுத்தும் போட்டு, நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான், சனிக்கிழமை மத்தியானம் தம்பி மகளின் பத்தாவது பிறந்தநாளுக்குப் போனார்.

கேக் வெட்டியாயிற்று. அவள் தேர்ந்தெடுத்தது இருப்பதிலேயே பழைய படம். குயவர்களும் உழவர்களுமாக ஒரு சின்ன ஊர், பெரிய படையை எதிர்த்து நிற்கிற கதை. தூதன் வந்து "அற்பப் பதரே" என்றபோது எல்லாரும் கூடவே சொன்னார்கள். மூன்று மாதம் கழித்து அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. கிரேக்கத்தாரும் சிரித்தார். சிரிக்கும்போது பையில் இருந்த காகிதம் சரசரத்தது.

வரிசை கட்டுகிற காட்சி வந்தது. தம்பி உட்கார்ந்தே இருந்தான். அவனால் மூடியின் பிடியைப் பற்ற முடியாது. மகள் உள்ளே ஓடிப் போய் அண்டா மூடியைத் தூக்கிவந்தாள். அதன் இரண்டு காதுகளிலும் பழைய ஸ்கூல் பையின் பட்டையைக் கோத்து இறுக்கித் தைத்திருந்தாள்.

"கிரேக்கச் சிப்பாய் கேடயத்தை விரல்ல பிடிக்க மாட்டான், முழங்கைகிட்ட பட்டையில மாட்டிக்குவான்னு பெரியப்பா சொல்லியிருக்காரு. கையை நீட்டுங்கப்பா."

தம்பி கையை நீட்டினான். மூடி கச்சிதமாக உட்கார்ந்தது.

"பெரிய மூடி வலது ஓரத்துலதானே நிக்கணும்? அப்பா, நீங்க அங்க போங்க. பெரியப்பா, நீங்க அப்பாவுக்கு இந்தப் பக்கம்."

அவர் நின்றார். அவருடைய வலது விலாவுக்கு முன்னால் அண்டா மூடி வந்து நின்றது. அதன் விளிம்பில், விரல் இல்லாத இடத்தில் தோல் பளபளவென்று சிவப்பாக இருந்தது. கையைத் தூக்கிப் பிடிக்கத் தம்பிக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

தம்பி மனைவி தன் மூடியை எடுத்துக்கொண்டே சொன்னாள். "நல்ல ஆளைப் பார்த்து நிறுத்தினே. பூட்டை எப்ப எடுக்கணும்னு தெரியாதவர், மாமாவைக் காப்பாத்தப் போறாராம்."

கிரேக்கத்தார் தன் கையிலிருந்த மூடியைத் தாழ்த்தினார். தம்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டான். மெதுவாக, "நில்லுண்ணா. படம் ஓடுது," என்றான்.

"பூட்டை எடுத்தது அவன் இல்லம்மா," என்றார். "நான்."

யாரோ ரிமோட்டை அமுக்கினார்கள். திரையில் வீரர்கள் வாயைத் திறந்தபடி நின்றுபோனார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரே பூட்டு, கட்டி வைத்த பை, குனிந்து பார்க்காதது. அவர் மனைவிக்கும் இது புதுச் செய்தி. அவள் மூடியைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

தம்பி மனைவி கணவனைப் பார்த்தாள். "நிஜமா?"

"விடு. பொறந்தநாளும் அதுவுமா…"

அவளுக்கு அது போதும். கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"நேத்துக் காலையில சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். உங்க அஜாக்கிரதைக்கு நான் இன்னும் எத்தனை நாளு பொத்தான் போடணும்னு கேட்டேன். அவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நீங்க அந்த நாற்காலியிலதான் உட்கார்ந்திருந்தீங்க மாமா. டீ குடிச்சிட்டிருந்தீங்க."

"ஆமாம்மா," என்றார்.

பையிலிருந்த காகிதத்தை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் படித்தாள். "கையெழுத்துகூடப் போட்டாச்சு," என்றாள். அவர் வாங்கிக் கிழிக்கப் போனார்.

"இங்க கிழிக்காதீங்க. திங்கட்கிழமை அவங்க முன்னாடி கிழிங்க. அப்புறமும் இந்தப் பக்கம் வர வேண்டாம், நானா கூப்பிடுற வரைக்கும்."

தம்பி மகள் ஒட்டடைக் குச்சியோடு நின்றுகொண்டிருந்தாள். "அப்ப வலது ஓரத்துல யாரும்மா நிக்கிறது?"

"உங்கப்பாதான். மூணு மாசமா அங்கதான் நிக்கிறாரு."

திங்கட்கிழமை அவர் மேனேஜர் மேசைக்கு முன்னால் காகிதத்தைக் கிழித்தார். புதிதாக ஒன்று எழுதிக் கொடுத்தார். ரத்தானது அவருடைய லைசென்ஸ். முப்பத்திரண்டு வருட மெக்கானிக்கை ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். வேலைக்குக் கிளம்புகிற ஒவ்வொருவருக்கும் பூட்டும் சாவியும் எடுத்துக் கொடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்குவது அவர் வேலை. ஆளுக்கு ஒரு பூட்டு. அண்ணன் தம்பியாக வந்தாலும் அப்பன் மகனாக வந்தாலும் ஆளுக்கு ஒன்று. டப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு அவர் இப்போது கதை சொல்வதில்லை. பழைய ஆட்கள்கூட, "என்ன கிரேக்கத்தாரே, ஒண்ணும் சொல்லமாட்டேங்கறீங்க?" என்று கேட்டுப் பார்த்துவிட்டார்கள்.

தம்பிக்கு மேற்பார்வை வேலை கொடுத்தார்கள். தினமும் காலையில் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து வலக்கையை நீட்டுவான். இவர் பூட்டை வைப்பார். "பார்த்துடா" என்பார். இரண்டு மாதமாக இவ்வளவுதான் பேச்சு. தம்பி மனைவி வீட்டுக்குக் கூப்பிட்டாளா என்று இவர் கேட்பதில்லை. இல்லை என்று அவனும் சொல்வதில்லை.

ஒரு திங்கட்கிழமை தம்பி பூட்டை வாங்கியும் நகராமல் நின்றான்.

"நேத்து எங்க கல்யாண நாள்ணா. படம் போட்டோம்."

"நல்லது."

"வரிசையும் கட்டினோம். நான் வலது ஓரத்துக்குப் போனேன். வேண்டாம்னுட்டா. பழைய இடத்துலயே நிக்கச் சொன்னா. ஓரத்தைச் சும்மா விட்டுட்டோம்."

"யாரு, பாப்பாவா சொன்னா?"

"இல்லண்ணா. அவ அம்மா."

பின்னால் நின்றவர்களுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கிரேக்கத்தார் நோட்டை அடுத்த ஆள் பக்கம் திருப்பி வைத்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார்.