ஓசிச் சக்கரவர்த்தி வாங்கிய தலையணை

காசு கொடுத்து அந்த மாநகரத்தை அனுபவிக்கிறவர்களைப் பார்த்தால் அவனுக்கு ஒரே இளக்காரம். பொருளாதாரம் படிக்கிற இரண்டாம் வருட மாணவன். அறைத் தோழர்கள் அவனுக்கு வைத்த பெயர் ஓசிச் சக்கரவர்த்தி. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. பட்டம் சூட்டும்போது யாராவது கோபித்துக்கொள்வார்களா?

சக்கரவர்த்தியின் ராஜ்யம் பெரியது. வெயில் ஏறினால் பேங்குக்குப் போய் டோக்கன் எடுத்துக்கொண்டு ஏசியில் உட்காருவான். நம்பர் கூப்பிட்டால் காது கேட்காது. பசித்தால் சூப்பர் மார்க்கெட். அங்கே புதிதாக வந்த சீஸைக் குச்சியில் குத்தி ருசி பார்க்கக் கொடுப்பார்கள். முதல் சுற்றுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு போவான், அடுத்த சுற்றுக்குக் கழற்றிவிட்டுப் போவான். சென்ட் கடையில் இடது கைக்கு ஒரு கம்பெனி, வலது கைக்கு இன்னொரு கம்பெனி. வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவன் தும்மிக்கொண்டே பாடம் கேட்பான்.

தலைநகரம் என்று சொல்ல வேண்டுமானால், அது கட்டில் மெத்தை விற்கும் ஷோரூமின் மூன்றாவது மாடி. 'படுத்துப் பார்த்து வாங்குங்கள்' என்று பலகை வைத்திருந்தார்கள். எவ்வளவு நேரம் என்று எழுதாதது அவர்கள் தப்பு. விற்பனையாளர் பக்கத்தில் வந்தால் ஒரு கண்ணைத் திறந்து, "முதுகுக்குக் கொஞ்சம் கெட்டியா இருக்கு. வீட்ல கேட்டுட்டு சொல்றேன்" என்பான். வீடாவது ஒன்றாவது! அறையில் ஆறு பேர். இவன் கால் நீட்டினால் கதவு பாதிதான் திறக்கும்.

ராஜ்யத்துக்கு ஆபத்து போனில் வந்தது. பேசியது அக்கா. சொந்த ஊரில் ரெடிமேட் துணிக் கம்பெனியில் இஸ்திரிப் பிரிவு. வாரத்தில் ஆறு நாள் நின்றபடியே வேலை. இவன் படிப்பு அவள் சம்பளத்தில்தான் ஓடுகிறது.

"உன் குரலே சரியில்லடா. ஒழுங்கா சாப்பிடறியா? இங்க ஞாயித்துக்கிழமைக்கும் ஆள் கேக்கறாங்க. நேர்ல வந்து உன்னைப் பாத்துட்டு, பேர் குடுக்கறதா வேண்டாமான்னு முடிவு பண்றேன்."

சக்கரவர்த்தி வெட்கம் கெட்டவன்தான். ஆனால் அக்காவின் ஞாயிற்றுக்கிழமையைத் தின்று ஏப்பம் விடுகிற அளவுக்கு இல்லை. அன்றைக்கு அவனுக்குச் சீஸ்கூட இறங்கவில்லை. ஒரே ஒரு நாள் பெரிய மனுஷனாக நடித்துக் காட்டிவிட்டால் போதும், அவள் நிம்மதியாகத் திரும்பிவிடுவாள் என்று கணக்குப் போட்டான்.

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்த கையோடு பஸ் ஏறி, உட்கார்ந்தபடியே வந்து ஞாயிறு காலையில் இறங்கினாள் அக்கா. கண்ணெல்லாம் சிவப்பு.

"முதல்ல உன் ரூமைக் காட்டு."

"பெயிண்ட் அடிக்கிறாங்கக்கா. உள்ள போனா தலைவலி வந்துடும்."

மியூசியத்துக்கு அழைத்துப் போனான். ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் இலவசம். டிக்கெட் எடுக்காமல் விறுவிறுவென்று உள்ளே போனவனைப் பார்த்து அக்கா வாயைப் பிளந்தாள். "நமக்குத் தெரிஞ்ச இடம்தான்க்கா" என்றான். வாசல் காவலருக்கும் தெரிந்தவர் மாதிரி ஒரு வணக்கம் வைத்தான்.

அடுத்து நகரத்திலேயே உயரமான ஓட்டல். அதன் உச்சி மாடி டாய்லெட்டில் ஒரு பெரிய ஜன்னல் உண்டு. மற்றவர்கள் பணம் கட்டிப் பார்க்கிற காட்சியை இவன் கை கழுவுகிற சாக்கில் பார்த்துவிடுவான். "உள்ள போய் ஜன்னல்ல பாருக்கா, ஊரே உன் காலடியில இருக்கும்" என்று பெண்கள் பக்கம் அனுப்பினான். போன வேகத்தில் திரும்பி வந்தாள்.

"ஊரும் இல்ல, ஜன்னலும் இல்ல. கை காய வைக்கிற மெஷின்தான்டா இருக்கு."

மேதாவியின் ஆராய்ச்சியில் அந்தப் பக்கம் விட்டுப்போயிருந்தது. "புதுசா அடைச்சுட்டாங்க போல" என்று மழுப்பினான்.

"கால் வலிக்குதுடா. எங்கயாவது கொஞ்சம் உக்காரலாம்."

காபிக் கடைகளைப் பார்க்காதது போல் தாண்டி நடந்தான். கால்கள் தாமாகவே ஷோரூமுக்குக் கூட்டிப்போயின. "கட்டில் ஒண்ணு மாத்தலாம்னு இருக்கேன். நீ படுத்துப் பாத்து சொல்லு" என்றான். அக்கா கூச்சத்தோடு படுத்தாள். அடுத்த நிமிஷம் அடித்துப் போட்டது மாதிரி தூங்கிப்போனாள்.

விற்பனையாளர் வந்தார். "அடடே, இன்னைக்குக் குடும்பத்தோடயா?"

"அக்கா. எழுப்பிடாதீங்க."

"உங்களை எத்தனை நாள் எழுப்பாம விட்டிருக்கேன்? ஆனா ஞாயித்துக்கிழமை மேனேஜர் மாடி மாடியா வருவார். வாங்கறவங்க தூங்கினா சிரிச்சுட்டுப் போவார். நீங்க வாங்கறவர் இல்லைன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்."

அக்காவைத் தொட்டு எழுப்பக் குனிந்தான். வீங்கிய பாதத்தில் செருப்பு வார் பதிந்து கிடந்தது. தூக்கத்திலும் அவள் வலது கை லேசாக முன்னும் பின்னும் போய் வந்துகொண்டிருந்தது, துணி தேய்க்கிற மாதிரி. அவனுக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் அவனுக்குக் காசு கொடுக்காமல் கிடைத்ததில் அந்தக் கண்ணீர் ஒன்றுதான் அசல்.

"இங்க இருக்கறதுலயே விலை கம்மி எது?"

"தலையணை."

"அதுலயும் கம்மி?"

"உறை இல்லாதது ஒண்ணு இருக்கு."

"குடுங்க. பில்லை மட்டும் மெதுவாப் போடுங்க."

மாதச் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணம் அதோடு போயிற்று. விற்பனையாளர் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பில் போட்டார். மேனேஜர் வந்தார், தலையணைப் பையைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போனார். அக்கா சாயங்காலம்வரை தூங்கினாள்.

"ஐயையோ, யாரும் ஒண்ணும் சொல்லலையா?"

"நம்ம கடைதான்க்கா."

"பையில என்னடா? தலையணையா? பழசு என்ன ஆச்சு?"

"சரியில்லன்னு தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் முகம் மலர்ந்தது. நல்ல தலையணையையே தூக்கிப் போடுகிறவனுக்கு என்ன கஷ்டம் இருக்க முடியும்? பஸ் ஸ்டாண்டில் அவன் கன்னத்தைத் தட்டினாள். "பயந்துக்கிட்டே வந்தேன்டா. நீ வசதியாத்தான் இருக்க. ஞாயித்துக்கிழமை வேலை வேண்டாம்னு சொல்லிடறேன்."

ஜெயித்துவிட்டோம் என்று அவன் துள்ளாத குறை. பஸ் கிளம்பும்போது ஜன்னல் வழியாகக் கை நீட்டினாள் அக்கா. "அதை இப்படிக் குடு. வரும்போதே கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. நீ இன்னொண்ணு வாங்கிப்ப."

கொடுத்தான். வேறென்ன செய்வான்?

அதற்கப்புறம் சக்கரவர்த்தி முழுநேரமும் குச்சி சீஸில்தான் காலம் தள்ளினான். "கண்ணாடியைப் போட்டாலும் கழட்டினாலும் அதே மூஞ்சிதான், எடுத்துக்கோங்க" என்று குச்சி நீட்டுகிற பெண்ணே சொல்லிவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அக்கா கொட்டாவி விட்டபடி பேசினாள்.

"இப்பதான்டா தூங்கி எழுந்தேன். எவ்வளவு நாளாச்சு இப்படித் தூங்கி!"

அவனுக்கு வயிறு நிறைந்த மாதிரி இருந்தது. அக்கா பேச்சை நிறுத்தவில்லை.

"அந்தத் தலையணையை அம்மா எடுத்துக்கிட்டாங்க, திருப்பித் தர மாட்டேங்கறாங்க. எனக்கு ஒண்ணு வாங்கி அனுப்பு. இந்தத் தடவையாவது கஞ்சத்தனம் பண்ணாம உறையோட வாங்குடா."