தெருவுக்கு முதுகைக் காட்டிய வீடு

என் மகளுக்கு இரண்டு வயது நடந்த கோடையில் தலை முழுக்கக் கட்டி கிளம்பியது. ஒன்று உடைந்து காய்வதற்குள் பக்கத்தில் இரண்டு வந்தன. பாயில் தலையை வைக்க முடியாது. என் தோளில் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். வெயில் காலம், அப்படித்தான் இருக்கும் என்று பார்க்க வந்தவர்கள் சொன்னார்கள். வெயில் நாச்சியாபுரம் முழுக்கத்தான் அடித்தது. எங்கள் வீட்டிலேயே கீழே இருந்த பிள்ளைகளுக்குக் கட்டி வரவில்லை. என் மகளை வேகவைத்தது என் கணவரின் அண்ணன் கட்டிய மாடி.

அந்த ஆளை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் மனம் இளகிப்போய் எழுதுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அறுபதுகளில் எங்கள் பக்கம் தளம் போட்ட வீடு என்றால் தனி கௌரவம். மாமனார் வீடு நாட்டு ஓடு வேய்ந்தது, நடுவில் சின்னதாக ஒரு முற்றம். மாமனார் போன மறு வருடமே பெரியவர், என் கணவரின் அண்ணனை நாங்கள் அப்படித்தான் சொல்வோம், அப்போது கட்டுப்பாட்டில் இருந்த சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க அலைந்தார். வாங்கியும் விட்டார். ஓட்டைப் பிரித்து மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டினார். தேக்கு நிலைகளையும் உத்தரங்களையும் மழையில் போட்டார். முற்றத்தை மூடித் தளம் போட்டார். அதற்கு மேல் தெருவைப் பார்த்து ஒரு மாடி அறை. எங்கள் தெரு வீட்டுக்கு மேற்கே இருந்தது. ஆக, மாடி அறை பார்த்தது மேற்கு வெயிலை.

கண்ணாடி ஜன்னல் இரண்டு, இரண்டும் தெருப் பக்கம். எதிர்ச் சுவரில் ஒரு ஓட்டைகூடக் கிடையாது. காற்று உள்ளே வர வேண்டுமானால் வெளியே போக ஒரு வழி வேண்டும் என்பது மாட்டுக்குக்கூடத் தெரியும். முக்காலியில் ஏறிக் கை தூக்கினால் கூரையைத் தொட்டுவிடலாம், அத்தனை தாழ்வு. தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, அதன்மேல் ஓடு பதிப்பார்கள். பாதி வெயில் அதிலேயே நின்றுவிடும். எதற்கு வீண் செலவு என்று பெரியவர் அதையும் விட்டுவிட்டார். வெறும் கான்கிரீட்.

அதை எங்களுக்குக் கொடுத்தார். "தம்பிக்கு மாடியவே குடுத்துட்டேன்" என்று ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டார். என் கணவர் காரைக்குடியில் ஓர் ஆபீசில் கிளார்க். காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருவார். அவருக்கு அந்த அறையின் மத்தியானம் தெரியாது. எனக்குத் தெரியும். பகலில் வெயிலைக் குடித்த சுவர் விளக்கு வைத்த பிறகு அதைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பிக்கும். புகார் சொன்ன பிறகு மின்விசிறி ஒன்று மாட்டினார் பெரியவர். அது கூரையில் கிடந்த சூட்டை அள்ளி எங்கள் தலையில் கொட்டியது. அதற்குக் கரண்டு வேறு.

கீழே கிழக்கு மூலையில் ஓர் அறை குளிர்ச்சியாக இருந்தது. பழைய வீட்டின் மண் சுவர் அதில் மட்டும்தான் மிச்சம். பெரியவர் அதில் விதை நெல் வைத்திருந்தார். மகளுக்குக் கட்டி வந்ததும் நான் நேராகப் போய்க் கேட்டேன். நடு வீட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"பெரியத்தான், கோடை முடியிற வரைக்கும் அந்த ரூமைக் குடுங்க. பிள்ளை படுக்கட்டும்."

"நெல்ல எங்க போட?"

"மாடியில போடுங்க."

சிரித்தார். "ஏத்தா, விதை நெல்லு. சூடு பட்டா முளைக்குமா?"

"அப்ப எம் பிள்ளை?"

"பிள்ளை பழகிக்கிரும். அங்க எங்க சூடு? காத்துப் பிச்சிக்கிட்டுப் போகுது. மாடியக் குடுத்தா மண்ணு ரூமு வேணுங்கிறது. கொழுப்பு."

என் கணவர் பக்கத்தில்தான் நின்றார். சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் மகளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. தூக்கிக்கொண்டு காரைக்குடிக்கு ஓடினோம். பிழைத்தாள். திரும்பி வந்தபோது பெரியவர் வாசலில் நின்று, "குடிச்ச பாலு ஒத்துக்கிரலையோ என்னமோ" என்றார்.

அன்றைக்கு முடிவு செய்தேன். அந்த ஆள் தன் வாயால், நாலு பேர் முன்னால், மாடி வேகுது என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்க வேண்டாம். அந்த ஒரு வார்த்தை போதும். அது வரும்வரை நான் ஓயப்போவதில்லை.

அதற்கு முதலில் எனக்கு ஒரு வீடு வேண்டும். வேகாத வீடு. அவர் வந்து உட்கார்ந்தால் வித்தியாசம் அவர் தோலுக்குத் தெரிய வேண்டும்.

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து என்று எந்த வீட்டுக்குப் போனாலும் நான் சாப்பாட்டைப் பார்க்கவில்லை, சுவரைத் தொட்டேன். காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டு விசேஷத்தில், உச்சி வெயிலில், முகப்பில் நின்றால் பின்கட்டு வாசல் வரை ஒரே நேராகக் கதவுகள் தெரிந்தன. சேலைத் தலைப்பு தானாக ஆடியது. அந்த வீட்டு ஆச்சி, "என்னத்தத் தேடுறீக?" என்று கேட்டார். "காத்து எங்குட்டு வருதுன்னு பாக்குறேன்" என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். முற்றத்தில் சூடு மேலே ஏறிப் போய்விடுகிறது, அந்த இடத்துக்குப் பக்கத்து அறைகளிலிருந்து காற்று வருகிறது. அவ்வளவுதான் விஷயம். அந்த மாதிரி வீடு கட்ட எனக்கு வக்கில்லை. ஆனால் காற்றுக்குப் பர்மாத் தேக்கும் சலவைக்கல்லும் தேவையில்லை என்பது புரிந்தது. அந்த வீடுகளிலும் குறை உண்டு. உள்ளறைகளில் பகலிலேயே விளக்கு வேண்டும். அதை நான் எடுத்துக்கொள்ளவில்லை.

எங்கள் பங்குக்கு ஊர் ஓரத்தில் ஒரு மனை வந்தது. என் கணவரைக் கடன் போட வைத்தேன். எப்படி வைத்தேன் என்பது எங்களுக்குள். வரைபடம் நான்தான் போட்டேன். அடுப்புக்கரியால், மாடித் தளத்தில், அந்தச் சூட்டிலேயே உட்கார்ந்து போட்டேன்.

அங்கேயும் தெரு மேற்கேதான். ஊரில் எல்லாரும் தெருப் பக்கம்தான் ஜன்னல் வைப்பார்கள், முகப்பு வைப்பார்கள். நான் தெருப் பக்கம் ஒன்றும் வைக்கவில்லை. மேற்கே வரிசையாகக் குளிக்கும் அறை, விறகு அறை, சாமான் அறை. வெயில் அதோடு முட்டிக்கொள்ளட்டும். அந்தச் சுவர் மட்டும் இரண்டு பங்கு கனம். வாசல் வடக்கே, அதற்கு நேர் தெற்கே பின்வாசல். படுக்கும் அறைகள் கிழக்கே. நடுவில் நாலு பாய் விரிக்கிற அளவு முற்றம். மழைத் தண்ணீர் நாலு பக்க ஓட்டிலிருந்தும் முற்றத்துத் தொட்டிக்கு வரும். குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியாக மேற்குச் சுவருக்கு வெளியே பூவரசுக்கும் வாழைக்கும் போகும்.

கூரைக்கு, பெரியவர் கொட்டகைக்குப் பின்னால் கொட்டியிருந்த ஓடுகளைக் கேட்டேன்.

"குப்பைய அள்ளிட்டுப் போத்தா, எனக்கு இடம் மிச்சம்" என்றார்.

அள்ளினேன். உடையாததைப் பொறுக்கி இரட்டை அடுக்காக வேய்ந்தேன். நிலைகள், உத்தரங்கள் எல்லாவற்றையும் எடுத்தேன். அவர் அப்பா வீட்டின் கூரை முக்கால்வாசி என் தலைக்கு மேல் வந்து சேர்ந்தது. அவருக்கு அது உறைக்கவில்லை. அவருக்கு என்னைக் கேலி செய்யவே நேரம் சரியாக இருந்தது. மேற்குச் சுவர் எழும்பியதும் தெருவில் நின்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"ஒரு ஜன்னலு இல்ல. குருட்டு வீடு. தெருவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிது, கட்டுனவ மாதிரியே."

ஊர் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டது. குருட்டு வீடு. தபால்காரர்கூட அப்படித்தான் சொன்னார். சொல்லட்டும். முதல் கோடையில் என் மகள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் முற்றத்துத் தாழ்வாரத்தில் குப்புறப் படுத்துத் தூங்கினாள். தலையில் ஒரு பரு இல்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிசி புடைக்க, பூக் கட்ட என்று சாக்கு வைத்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். கரண்டு போனால் எனக்குத் தெரியவே தெரியாது. எங்களிடம் மின்விசிறியே இல்லை. பெரியவர் மட்டும் வரவில்லை. பால் காய்ச்சிய அன்றுகூட வாசலில் நின்று பாக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உள்ளே கால் வைக்கவில்லை. எனக்கு வேண்டிய அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் பெரியவர் மகளுக்குக் கல்யாணம் கூடியது. வைகாசியில் முகூர்த்தம், பெண் வீட்டில். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாள் மத்தியானமே வந்து இறங்கினார்கள். பெரியவர் அவர்களைப் பெருமையாக மாடிக்கு ஏற்றினார். நான் கீழே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். காத்திருந்தேன்.

வெயில் சாய்வதற்குள் மாப்பிள்ளையின் பெரியப்பா சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். கனத்த மனிதர். கிணற்றடியில் உட்கார்ந்து தலையில் இரண்டு வாளி ஊற்றிக்கொண்டார். பிறகு சத்தமாகக் கேட்டார்.

"எங்களைக் கல்யாணத்துக்குக் கூப்டீகளா, அவிக்கக் கூப்டீகளா?"

பின்னாலேயே மற்றவர்களும் இறங்கினார்கள். ஒரு கிழவிக்கு மயக்கம். குன்றக்குடியில் தங்க இடம் இருக்கிறது, அங்கே போய்க்கொள்கிறோம், விடிந்ததும் வருகிறோம் என்று பெட்டியைத் தூக்கினார்கள். பெண் வீட்டை விட்டுச் சம்பந்தி வெளியே போய்த் தங்கினால் ஊர் என்ன பேசும் என்று எழுத வேண்டியதில்லை. என் கணவர் என்னிடம் ஓடி வந்தார்.

"நம்ம வீட்டுச் சாவியக் குடு."

"உங்க அண்ணன் வந்து கேக்கட்டும்" என்று சொல்லிவிட்டு என் வீட்டுக்கு நடந்தேன். பூட்டின கதவுக்கு முன்னால் நின்றேன். பெரியவர் வந்தார். வியர்த்து வழிந்தது.

"ஏத்தா, சம்பந்தகாரவுகளை இங்குட்டுக் கூட்டியாரட்டுமா?"

"ஏன், மாடிக்கு என்னாச்சு?"

"ஒன்னும் ஆகல. ஆளு கூடிப்போச்சு."

"கூடுன ஆளு மட்டும் வரட்டும். மொத்தப் பேரும் ஏன் வாராக?"

"லேசாப் புழுக்கமா இருக்காம்."

"புழுக்கமா? பழகிக்கிருவாக."

அவர் முகம் போன போக்கைப் பார்த்தேன். எனக்குப் பாவமாக இல்லை.

"கல்யாண வீடுத்தா. இந்நேரம் போயி..."

"இந்நேரந்தான் நீங்க என் வாசலுக்கு வந்திருக்கீக. மாடி வேகுதுன்னு அவுக முன்னால சொல்லுங்க. சொன்னா வீட்டத் தொறந்து விடுறேன்."

"சொல்லாட்டி?"

"குன்றக்குடிக்கு வண்டி கட்டுங்க."

கல்யாணப் பெண் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நல்ல பெண். ஆனாலும் அவர் சொல்லாவிட்டால் நான் திறந்திருக்க மாட்டேன். ஊரில் பாதிப் பேர் இதற்காக என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். வலிப்பில் என் மகள் கண் செருகியதை அந்தப் பாதிப் பேர் பார்க்கவில்லை.

என் கணவர் கூட்டிவர, மாப்பிள்ளை வீட்டார் பெட்டியும் கையுமாக வந்து நின்றார்கள். பெரியவர் அந்தப் பெரியப்பாவைப் பார்த்து வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுத்தார்.

"கேக்கல பெரியத்தான்" என்றேன்.

"வேகுது! மாடி வேகுது! போதுமா?"

தெரு முழுக்கக் கேட்டது. பெரியப்பா சிரித்துவிட்டார். "இதத்தானய்யா மத்தியானத்துல இருந்து நாங்க சொல்றோம்!"

கதவைத் திறந்தேன். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வடக்கு வாசலில் நுழைந்த காற்று அவர்கள் முதுகைத் தொட்டது. அந்தக் கிழவி முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, "யாரு கட்டுனது?" என்று கேட்டாள். நான் பெரியவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. "எங்க சின்னவ" என்றார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். கல்யாணக் கூட்டம் கலைந்த பிறகு என் ஓரகத்தி, பெரியவர் மனைவி, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நான் தயாராக நின்றேன்.

"ஏண்டி, ஒரு தரம் சொன்னதோட விட்டுட்டியே" என்றார். "இன்னும் ரெண்டு தரம் சொல்ல வச்சிருக்கலாம்ல?"

"என்னக்கா சொல்றீக?"

"நீ மாடியில ஒரு சில கோடைதான் கெடந்த. முத்தத்த மூடுன நாள்ல இருந்து அந்த அடுப்படியில நான் வேகுறேன். புகை போக வழி இல்ல. எனக்குக் கண்ணே போச்சு. வாயத் தொறந்தா, பெர்மிட் சிமெண்டு, தொடாதேங்கிறாக."

நான் என் கோபத்தில் அதை ஒரு நாளும் யோசித்ததில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டேன். அவர் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்தார்.

பெரியவர் மகளையும் மருமகனையும் கூட்டிக்கொண்டு சம்பந்தி ஊருக்கு விருந்துக்குப் போனார். அவர் பஸ் ஏறியதும் நாங்கள் கொத்தனாரைக் கூப்பிட்டோம். அடுப்புக்கு நேர் மேலே தளத்தை உடைத்தோம். கம்பியை அறுக்கவில்லை. கம்பிக்கு மேலே என்னிடம் மிஞ்சிய ஓட்டில் ஒரு கூண்டு வைத்து, நாலு பக்கமும் திறப்பு விட்டோம். எதிரே கிழக்குச் சுவரில் கீழாக ஒரு துவாரம். அன்று சாயங்காலம் அடுப்புப் பற்றவைத்ததும் புகை நேராக மேலே ஏறிப் போனது. ஓரகத்தி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

பெரியவர் திரும்பி வந்தார். அடுப்படியில் வெளிச்சம் விழுவதைப் பார்த்தார்.

"யாருடி என் தளத்த ஒடச்சது?"

ஓரகத்தி தோசையைத் திருப்பிப் போட்டார். அவர் பக்கம் திரும்பவில்லை.

"வேகுதுன்னு நீங்கதான ஊரு கேக்கச் சொன்னீக. கைய அலம்பிட்டு வாங்க, தோசை ஆறுது."

அவர் அடுப்படி வாசலில் நின்ற என்னைப் பார்த்தார். என் கையில் கடப்பாரை இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டிய இரவல் கடப்பாரை. நான் அதைக் கீழே வைக்கவில்லை. அவர் கையலம்பப் போனார்.